அரசர் படத்தின் அடியில் ஒரு வரி
தீவக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீவகக் கல்வி வலயத்துப் பாடசாலைகளில் சித்திரமும் வரலாறும் படிப்பிக்கும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

மண்கும்பானிலிருந்து எழுதுகிறேன். ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இந்த மடல். அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறைச் சுவரிலோ ஆண்டு மலரிலோ தமிழ்த்தின விழாப் பதாகையிலோ யாழ்ப்பாணத்தின் கடைசி அரசனான சங்கிலி மன்னனின் படத்தைப் போடும்போது, வரைந்தவர் யார், எந்த ஆண்டில் வரைந்தார், எதை வைத்து வரைந்தார் என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். வரைந்தவர் யாரென்று தெரியாவிட்டால் ‘கற்பனை உருவம்’ என்றாவது போடுங்கள்.

ஒரு வரிக்கு இவ்வளவு நீளமான மடலா என்று நினைக்கலாம். அந்த ஒரு வரியை நாம் எழுதாமல் விட்டதால் நம் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது, நம் ஊருக்கு வெகு தொலைவான ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர்களின் முகங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்ற படங்கள் அவை. நம் யாழ்ப்பாண இராச்சியம் விழுந்த அதே நூற்றாண்டு. ஆகையால் அவற்றைத் தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் எப்போதும் நம் தலைநகர் நல்லூர் வந்து நின்றது.

1618இல் லண்டனில் ஹென்றி ஹொலண்ட் என்பவர் ஒரு படத்தொகுதி வெளியிட்டார். பெயர் ‘பசிலியோலோஜியா’, அரசர்களின் புத்தகம் என்று பொருள்படும். நோர்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் தொடக்கம் அப்போது ஆண்டுகொண்டிருந்த முதலாம் ஜேம்ஸ் வரை வரிசையாக அரச முகங்கள். பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர் ரெனோல்ட் எல்ஸ்ட்ராக். இவை உண்மையான, உயிருள்ள உருவங்கள் என்று தலைப்புப் பக்கமே உறுதி சொல்கிறது. வில்லியம் இறந்தது 1087இல். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவருடைய தாடியின் சுருள் எப்படி இருந்தது என்று எல்ஸ்ட்ராக்குக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. முன்பிருந்த கற்பனைப் படங்களைப் பார்த்தும் தன் மனத்தில் கண்டும் அவர் செதுக்கினார். ஜேம்ஸின் முகத்துக்கோ உயிரோடிருந்த ஒரு முகம் ஆதாரமாக இருந்தது. அதே தாள், அதே மை, அதே சட்டகம் என்பதால் கண்ட முகமும் காணாத முகமும் ஒரே நிறையாகத் தெரிந்தன. ஆங்கிலப் பிள்ளைகள் பல தலைமுறையாக அப்படி வந்த முகங்களைத்தான் தங்கள் அரசர்கள் என்று மனத்தில் வைத்திருந்தார்கள்.

அந்தப் புத்தகம் வந்த அடுத்த ஆண்டு, 1619இல், போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தின் மேல் படை கொண்டுவந்தான். சங்கிலி பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1623இல் அங்கே மரணதண்டனை. 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்த ஆண்டுகளை நீங்கள் கரும்பலகையில் எழுதுகிறவர்கள்தான். 1618ஐயும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு நாடு தன் அரசர்களுக்கெல்லாம் முகம் செய்து விற்ற ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, தன் கடைசி அரசனின் முகத்தை இன்னொரு நாடு இழந்தது.

அந்தப் படங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். சொன்னாலே படத்தைப் பார்க்கும் கண் மாறிவிடும். நன்றாக மெருகேற்றிய ஒரு செப்புத்தகடு. நுனி கூரான ஓர் உருக்கு உளியை உள்ளங்கையில் பொருத்தி, தகட்டின் மேல் தள்ளி உழுதுகொண்டு போவார்கள். வளைவான கோடு வேண்டுமென்றால் உளியைவிடத் தகட்டைத்தான் திருப்புவார்கள். அழுத்தினால் கோடு பருக்கும், விட்டால் மெலியும். பிறகு தகடு முழுவதும் மை பூசி, மேற்பரப்பை வழித்துத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையில் அழுத்தினால் பள்ளத்து மையைத் தாள் உறிஞ்சி எடுக்கும். தகட்டில் வலப்பக்கம் உள்ளது தாளில் இடப்பக்கம் வரும். எழுத்தையும் இடவலம் மாற்றித்தான் வெட்டவேண்டும்.

நிறம் கிடையாது. கன்னத்தின் நிழலும் பட்டின் மினுக்கமும் கோடுகளின் நெருக்கத்தால்தான் வரவேண்டும். அரசரின் கழுத்துச் சரிகையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அங்கே சரிகை இல்லை. குறுக்கும் நெடுக்கும் ஓடும் மயிரிழைக் கோடுகளும் இடைவெளிகளில் குத்திய புள்ளிகளும்தான் இருக்கின்றன. ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் சரிகை வந்துவிடும். சித்திர ஆசிரியர்களுக்கு நிழலிடல் பாடத்துக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

நான் உங்களிடம் கேட்கும் அந்த ஒரு வரியை இந்தப் படங்களின் அடியில்தான் முதலில் கவனித்தேன். நல்ல பதிப்புகளில் கீழ் ஓரத்தில் சின்னஞ்சிறிய எழுத்தில் மூவரைச் சொல்லியிருப்பார்கள்: மூல ஓவியத்தைத் தீட்டியவர், தகட்டில் செதுக்கியவர், அச்சிட்டு விற்றவர். அரசர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவருடைய முகம் இத்தனை கைகளைக் கடந்துதான் வந்தது என்று படமே ஒப்புக்கொள்கிறது. பொய் சொல்லும் படத்திலும் பொய் சொன்னவர் பெயர் இருக்கிறது. நானூறு ஆண்டுக்குப் பிறகு ஆராய்கிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் பிடிமானம்.

இனி ஒரு படத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1649 ஜனவரி 30ஆம் திகதி முதலாம் சார்ள்ஸ் மன்னரை அவருடைய பாராளுமன்றத் தரப்பினரே லண்டனில் சிரச்சேதம் செய்தார்கள். அந்த நாட்களிலேயே ‘எய்கோன் பசிலிகே’ என்ற நூல் வெளிவந்தது. அரசரே எழுதிய பிரார்த்தனைகளும் நினைவுகளும் என்று சொல்லப்பட்ட நூல். ஓராண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. அதன் முகப்பில் வில்லியம் மார்ஷல் செதுக்கிய படம். அரசர் முழந்தாளிட்டிருக்கிறார். அரச முடி கழன்று தரையில் கிடக்கிறது. கையில் முள்முடி. கண்ணோ மேலே, ஒளி வீசும் மூன்றாவது முடியில் பதிந்திருக்கிறது. இருண்ட முகிலிலிருந்து ஓர் ஒளிக்கதிர் இறங்கி அவர் தலையைத் தொடுகிறது.

படத்தின் இடப்பக்கத்தைப் பாருங்கள். கொந்தளிக்கும் கடலில் அசையாத ஒரு பாறை. கரையில் பனை இனத்து மரம் ஒன்று. அதில் கனமான நிறைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாரம் ஏற்ற ஏற்ற அந்த மரம் இன்னும் நிமிர்ந்து வளருமாம்; துன்பத்தில் உயரும் அரசருக்கு அது அடையாளம். பனைக்குள் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால், செதுக்கியவர் வாழ்நாளில் பனைமரம் கண்டிருப்பாரா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஓலை எப்படி விரியும், வட்டு எங்கே தொடங்கும், அடிமரம் எப்படிப் பருத்திருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மரத்தில் தொடங்கிய கேள்வி தானாக அரசரிடம் போகும். இவர் இப்படி முழந்தாளிட்டதை மார்ஷல் கண்டாரா? காணவில்லை. துக்கத்திலிருந்த ஒரு கட்சிக்குத் தேவையான அரசரை அவர் செய்து கொடுத்தார். அந்தப் படத்தின் வலிமை என்னவென்றால், புதிய அரசு கவிஞர் மில்ரனைக் கொண்டு அதே ஆண்டு ஒரு மறுப்பு நூல் எழுதுவிக்க வேண்டியிருந்தது. மில்ரன் அந்த முகப்புப் படத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது படம்தான்.

இதே சார்ள்ஸோடு சேர்ந்த இன்னொரு படம் உண்டு. வகுப்பில் காட்டினால் அரை மணி நேரம் பிள்ளைகள் கதைப்பார்கள் என்று எனக்கு நிச்சயம். ஓவியர் வான் டைக் 1633இல் தீட்டிய குதிரை மேல் சார்ள்ஸ் ஓவியத்தைத் தழுவி, பிரெஞ்சுக்காரரான பியேர் லொம்பார் 1655 அளவில் ஒரு பெரிய செப்புத்தகடு செய்தார். குதிரை, கவசம், நீட்டிய கை எல்லாம் அப்படியே இருக்க, தலை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. சார்ள்ஸை வீழ்த்திய தரப்பின் தலைவர் குரொம்வெலின் தலையோடு பிரதிகள் உண்டு. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தலையோடும் உண்டு. சார்ள்ஸின் தலையோடும் உண்டு. இடையில் தலையே இல்லாத பிரதியும் இருக்கிறது. ‘தலையற்ற குதிரைவீரன்’ என்றே அந்தத் தகட்டை இன்று அழைக்கிறார்கள். செம்பில் வெட்டியதைச் சுரண்டி, தேய்த்து, பின்புறமிருந்து தட்டி மட்டமாக்கி, அதன்மேல் புதிதாக வெட்ட முடியும். அரசரைக் கொன்றவருக்கும் கொல்லப்பட்ட அரசருக்கும் ஒரே உடம்பு.

நம் நல்லூர் முத்திரைச் சந்தியிலும் ஒரு குதிரைவீரன் நிற்கிறான். 1974இல் எழுப்பிய சங்கிலியன் சிலையை 2011இல் அகற்றிப் புதிதாகக் கட்டினார்கள். அப்போது சர்ச்சையும் எழுந்தது. சிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வழியால் போகும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த முகம் நம் காலத்துக் கலைஞரின் மனத்தில் பிறந்தது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இன்று நாட்காட்டிகளிலும் மலர்களிலும் வரும் சங்கிலி படங்களைப் பாருங்கள்: முறுக்கிய மீசை, சரிகை வைத்த வெல்வெட் அங்கி, உயர்ந்த கிரீடம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘சங்கிலி’ நாடகம் முதல் ஊர்க் கூத்துகள் வரை எத்தனையோ மேடைகளில் சங்கிலி வந்திருக்கிறான். அந்த மேடை உடுப்பும் ஒப்பனையும்தான் படத்துக்குள் வந்து அமர்ந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. அதில் இழிவு எதுவும் இல்லை. அது நம் நாடக மரபின் முகம். அப்படிச் சொல்லியே காட்டலாமே.

சரி, அந்தக் காலத்து உருவம் என்று நம்மிடம் எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த சேது காசு. அதுவும் செம்புதான். ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழ் ‘சேது’ என்ற தமிழ் எழுத்து. மறு பக்கத்தில் நிற்கும் ஓர் உருவம். தலை ஒரு புள்ளி, கை கால்கள் கோடுகள். இன்ன அரசன் என்று கண், மூக்கைப் பார்த்து அடையாளம் காண முடியாது. காண வேண்டும் என்று அச்சு வெட்டிய கம்மாளர் நினைக்கவும் இல்லை. அவருக்கு வேண்டியது அரசன் என்ற நிலை. ஆளின் சாயல் வேண்டியிருக்கவில்லை. நந்தியும் சேதுவும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டன. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில், திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்கள் கை கூப்பி நிற்கிறார்கள். தொந்தியும் ஆடையும் அணிகலனுமாக ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிய. ஆகத் தமிழருக்கு அரச உருவம் வடிக்கத் தெரியாது என்பதில்லை. அப்படி ஒரு தூண் நல்லூரில் நின்றிருந்தால் அதுவும் 1621இல் கோயிலோடு போயிருக்கும்.

லண்டனுக்குத் திரும்புகிறேன், ஒரு காரணத்தோடு. 1662இல் இரண்டாம் சார்ள்ஸ் போர்த்துக்கல் இளவரசி பிரகன்சாவின் கத்தரீனை மணந்தார். சீதனமாகப் பம்பாய் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த 1661 ஒப்பந்தத்தில் இலங்கையைப் பற்றியும் ஓர் உறுப்புரை இருந்தது. இலங்கை ஒல்லாந்தரிடமிருந்து மீட்கப்பட்டால் காலித் துறைமுகம் ஆங்கிலேயருக்குப் போக வேண்டும் என்று. வந்திறங்கிய மணமகளை வில்லியம் பெய்தோர்ன் செதுக்கினார். இரு பக்கமும் விரித்துச் சீவிய தலைமயிர், அகன்று நிற்கும் போர்த்துக்கேயப் பாவாடை. லண்டன் மக்களுக்கு அந்த உடை விநோதம். நமக்கு அந்தப் படம் வேறொன்றைச் சொல்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1658 ஜூனில், யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த அரச குடும்பத்துப் பெண் அவர். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலில் நிற்கும் கோட்டையும் அதே போரில்தான், குடிதண்ணீர் இல்லாமல், சரணடைந்தது. அன்றிலிருந்து அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர்.

அந்தப் போரில் ஒல்லாந்தரோடு வந்தவர் பல்தேயஸ் பாதிரியார். 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவருடைய பெருநூல் 1672இல் அம்ஸ்ரடாமில் அச்சானது. நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கவேண்டிய செப்புத்தகட்டுப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சங்கானை, பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஊர் ஊராகத் தேவாலயங்கள். யாழ்ப்பாணத்தையும் தீவுகளையும் காட்டும் தேசப்படம். காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்வ்ற், நம் வேலணைத் தீவு லைடன் என்று ஒல்லாந்து நகரங்கள் நம் கடலில் மிதக்கின்றன. அதே நூலில் தமிழ் எழுத்துகளும் செப்பில் வெட்டப்பட்டிருக்கின்றன. பரமண்டல மந்திரமும் உண்டு. அம்ஸ்ரடாமில் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு கை, அகரத்தையும் ஆகாரத்தையும் இடவலம் மாற்றித் தகட்டில் வெட்டியிருக்கிறது. சில எழுத்துகளைக் கண்டுபிடிக்கவே சிரமமாக இருக்கும். ஆனாலும் அந்தக் கோடுகளில் ஒரு கவனம் தெரிகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெயர் தெரியாத கைவினைஞர் மேல் அன்பு வரும்.

அந்த நூலின் முகப்பில் பல்தேயஸின் உருவத்தைச் செதுக்கியவர் ஆபிரகாம் பிளோட்டெலிங். அவர் அடுத்த ஆண்டளவில் லண்டனுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வேலை செய்தார். இரண்டாம் சார்ள்ஸின் மகன் மொன்மத் கோமகனின் முகம் அவர் கையால் அச்சானது. யாழ்ப்பாணத்தில் போதித்த பாதிரியாரின் முகத்தையும் ஆங்கில அரசரின் மகன் முகத்தையும் ஒரே கை செதுக்கியிருக்கிறது. இங்கிலாந்து அரச உருவங்கள் நமக்குத் தொலைவான பொருள் என்று மேலே எழுதினேன். இடையில் இருந்த தூரம் ஒரு பட்டறையின் அளவுதான்.

பல்தேயஸ் நூலில் ஒல்லாந்துத் தளபதி ஹுல்ப்ட் இருக்கிறார். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் அவரை வரவேற்கும் காட்சி இருக்கிறது. சங்கிலி இல்லை. இருக்கவும் முடியாது, அவன் இறந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்துத்தான் பல்தேயஸ் இங்கே கால் வைத்தார்.

இராஜசிங்கனுக்கு முகம் கிடைத்த விதமும் பாடம்தான். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் சிறையிருந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் லண்டனில் வந்த அவருடைய நூலில் இராஜசிங்கனின் முழு உருவப்படம் உண்டு. உயரமான அடுக்குத் தொப்பி, முன்னால் நிமிர்ந்து நிற்கும் இறகு, கணுக்கால் வரை காற்சட்டை, காலில் சப்பாத்து. நொக்ஸ் எழுத்தில் சொன்னதை, இலங்கையைக் காணாத லண்டன் கைவினைஞர் கோட்டில் ஆக்கினார். அதே நொக்ஸின் முகத்தை 1695இல் செதுக்கியவர் றொபேட் வைட். இங்கிலாந்து அரசர்களின் முகங்களைச் செதுக்கிப் பேர் பெற்றவர். கைதியாக இருந்த மாலுமிக்கு நேரில் பார்த்துச் செய்த முகம். அவரைச் சிறைவைத்த மன்னனுக்குக் கேள்விப்பட்டுச் செய்த முகம். யாருடைய நாட்டில் செப்புத்தகடும் அச்சகமும் இருந்தனவோ அவர்களுடைய முகம் நிலைத்தது. இதை ஒரு முறைப்பாடாக நான் எழுதவில்லை. வரலாற்றுப் பாடத்தில் முகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்ள இதுவே நேரான வழி.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் வரும். ‘கற்பனை உருவம்’ என்று எழுதினால் பிள்ளைகள் மனத்தில் மன்னனின் மதிப்புக் குறையாதா? நான் இதை நிறைய யோசித்தேன். குறையாது. இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு முகமில்லாமல் ஒருவரை நினைத்துக்கொள்வது புதிதல்ல. 1990, 1991 இடப்பெயர்வில் வீட்டை விட்டு ஓடிய குடும்பங்கள் எதை எடுத்தன? பிள்ளையை, காணி உறுதியை, கையில் அகப்பட்ட உடுப்பை. படத்தொகுப்பு அலமாரியில் இருந்தது. திரும்பி வந்தபோது அலமாரியும் இல்லை, சுவரும் இல்லை. மண்கும்பானில் எத்தனையோ வீடுகளில் பூட்டனுக்கும் பூட்டிக்கும் ஒரு படம் கிடையாது. ஆனாலும் அவர்களைப் பற்றிக் கதை இருக்கிறது, பெயர் இருக்கிறது, வெட்டிய கிணறு இருக்கிறது, வைத்த பனை இருக்கிறது. யாரோ ஒருவருடைய படத்தைக் கொண்டுவந்து இதுதான் உன் பூட்டன் என்று சுவரில் மாட்டினால் பிள்ளை ஏற்குமா? இது அப்பா சொன்ன அடையாளத்தை வைத்து மாமா கீறிய படம் என்று சொன்னால், அந்தப் படத்தை அது இன்னும் கூடுதலாக மதிக்கும். பூட்டனோடு மாமாவையும் நினைக்கும்.

சங்கிலிக்கும் அது பொருந்தும். அவனை வரைந்த நம் ஓவியர்களும் சிற்பிகளும் பலர். பெரும்பாலானவர்களுடைய பெயர் படத்தோடு வரவில்லை. மலருக்கு மலர் படம் மட்டும் பிரதி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரதியிலும் கொஞ்சம் மங்கி வருகிறது. எல்ஸ்ட்ராக், மார்ஷல், பெய்தோர்ன், லொம்பார் என்ற பெயர்களை நான் இங்கே எழுத முடிந்தது, அவை படத்தோடு அச்சானதால். நம் ஓவியர்களின் பெயர்களை நான்கு நூற்றாண்டு கழித்து அல்ல, நாற்பது ஆண்டு கழித்துக்கூட எழுத முடியாத நிலையில் இருக்கிறோம். எனக்கு வலிப்பது இதுதான்.

ஆகவே, செய்யக்கூடிய சில காரியங்களைக் கேட்கிறேன். லண்டன் தேசிய உருவப்படக் கூடமும் பிரித்தானிய அருங்காட்சியகமும் அம்ஸ்ரடாமின் றைக்ஸ் அருங்காட்சியகமும் இந்தச் செப்புத்தகட்டுப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. றைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கலாம். ஒரு கைத்தொலைபேசி போதும். மார்ஷலின் படத்தையும் பல்தேயஸின் தேவாலயப் படம் ஒன்றையும் சேது காசின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடவேளையைக் கொடுங்கள். செதுக்கியவர் இதைக் கண்டாரா, யாருக்காகச் செய்தார், யார் வாங்கினார்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மரம் பனையா தென்னையா என்றும் கேட்கட்டும். விடைகளை நீங்கள் உடனே சொல்லிவிடாதீர்கள்.

சித்திரப் பாடத்தில் வெண்டிக்காய் அச்சோடு நிறுத்திவிடாமல், ரப்பர்த் தகட்டிலோ லினோவிலோ ஒரு முகத்தை வெட்டச் சொல்லுங்கள். தன் பெயரையும் இடவலம் மாற்றி வெட்டி அடியில் பதிக்கட்டும். வலது இடதாக மாறி வருவதைத் தன் கையால் கண்ட பிள்ளை, அச்சில் வந்ததெல்லாம் அப்படியே உண்மை என்று பிறகு நம்பாது. மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்னொரு வேலையையும் ஒப்படையுங்கள். ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் 2005 தொடக்கம் ஈழத்து நூல்களும் இதழ்களும் மலர்களும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் வரும் சங்கிலி படங்களைத் தேடி, எது எந்த ஆண்டில் முதலில் வந்தது, யார் கீறியது என்று ஒரு கொப்பியில் பதியச் சொல்லுங்கள். பழைய ஆசிரியர்களிடமும் மேடைக்குத் திரை கீறியவர்களிடமும் போய்க் கேட்கட்டும். அவர்களில் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். காலம் தாழ்த்தினால் அதுவும் போய்விடும்.

புலம்பெயர்ந்த நம் ஊர்ச் சங்கங்களுக்காக மலர் தயாரிப்பவர்களிடமும் இந்த மடலைக் காட்டுங்கள். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ அச்சாகும் மலரில் இந்தப் படம் போனால், அங்கே பிறந்த பிள்ளைக்கு அதுதான் முதல் சங்கிலி. அந்தப் பிள்ளை அங்குள்ள அருங்காட்சியகங்களில் பெயரும் ஆண்டும் எழுதிய அரசர் படங்களைப் பார்த்து வளர்கிறது. தன் மன்னனின் படத்தின் அடியில் ஒன்றுமே இல்லை என்பதை அது கவனிக்கும்.

அடுத்த தவணைக்கு முன் உங்கள் பாடசாலையில் மாட்டியிருக்கும் ஒரேயொரு படத்தை எடுங்கள். சங்கிலியாக இருக்கலாம், பண்டாரவன்னியனாக இருக்கலாம், திருவள்ளுவராகவும் இருக்கலாம். யார் கீறினார் என்று தேடிக் கண்டுபிடித்து, சட்டகத்தின் கீழ் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
மண்கும்பானிலிருந்து உங்கள் ஊரவர் ஒருவர்